அலமாரிக் கதவில் இருப்பவள்

அம்மாவுக்கு, உன் மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. முட்டி வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

சின்னவள் இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, அலமாரிக் கதவில் ஒட்டிய விளம்பரப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து இடுப்பை அளக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தில் அந்தக் கதவைப் பார்த்தேன். அந்த இடுப்பு என் கைவேலை அம்மா. ஸ்டூடியோவில் ஜன்னல் இல்லாத அறையில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாற்பது பெண்களின் படங்களில் தொப்பையைக் கரைக்கிறேன்.

போன வாரம் அந்த விளம்பரப் பெண்ணே இங்கு வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "இது யாரு அக்கா?" என்றாள்.

"நீதான்."

"அப்போ நான் யாரு?" என்று சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் அழகாகச் சுருக்கம் விழுகிறது. அதைத்தான் முதலில் அழிக்கச் சொல்லியிருந்தார்கள். பிறகு என் டப்பாவில் பாதிச் சோற்றைக் காலி செய்தாள். சின்னவளிடம் சொல்.

வேறு வேலை கேட்டுப் பார்த்தேன். "ஒப்பந்தம் முடியட்டும்மா" என்றார் முதலாளி. இன்னும் பதினாறு மாதம்.

நீங்கள் மூவரும் பவுடர் பூசாமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் பார்க்கிற முகங்களில் ஒன்றிரண்டாவது உள்ளபடி இருக்கட்டும்.

மேனேஜர் கூப்பிடுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய படத்தில் முகம் தெளிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாயே, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். கை பழகிவிட்டது அம்மா.

உன் மூத்தவள்