லோகோ சிவப்பு

4 ஜூன் 2007, திங்கள்
கத்திரி முடிந்ததாகக் காலண்டரில் இருக்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. மீஞ்சூரில் 7.10 வண்டி பதினைந்து நிமிடம் லேட். பொன்னேரி தாண்டும்போது செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் இறங்கிக் கம்பெனி வரை நொண்டல்.

போனதும் த.சார் பிடித்துக்கொண்டார். (தனஞ்செயன், ஐ.டி. மேனேஜர். எனக்கு நேர் மேலே. வேறு யாரும் இல்லை, டிபார்ட்மெண்டே நாங்கள் இரண்டு பேர்தான்.) யார்டு கிரேனுக்கு நான் செய்த பக்கம் பிடிக்கவில்லையாம். கிரேன் ஓட்டுகிறவர் ஷிப்ட் ஆரம்பத்தில் பிரேக், ரோப், கொக்கி எல்லாம் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் டிக் போட்டு அனுப்ப வேண்டிய பக்கம். அதில் பிடிக்க என்ன இருக்கிறது?

"என்ன கவிதா, எழவு வீடு மாதிரி ஒரே சாம்பலா இருக்கு? கம்ப்யூட்டரோட வந்த பட்டனை அப்படியே வச்சிருக்கே. நம்ம லோகோ என்ன கலர்?"

"சிவப்பு சார். கீழ ஒரு பச்சைக் கோடு."

"அப்புறம் என்ன? மெயின் பட்டன் லோகோ சிவப்பு. ரெண்டாவது லோகோ பச்சை. முனையெல்லாம் வளைஞ்சிருக்கணும். பதினொண்ணாம் தேதி எம்.டி. பார்க்கிறாரு."

ஆக:
சப்மிட் (போட்டதை அனுப்புகிற பட்டன்) – சிவப்பு
ரீசெட் (போட்டதை அழிக்கிற பட்டன்) – பச்சை
டிராப்-டவுன் (அமுக்கினால் கீழே விரிகிற) பட்டியல் – சிவப்பு பார்டர்
செருப்பு தைக்க
அம்மாவுக்கு பி.பி. மாத்திரை

5 ஜூன், செவ்வாய்
டிராப்-டவுனோடு நாலு மணி நேரம். என் கம்ப்யூட்டரில் புது பிரவுசர், பார்டர் அழகாகச் சிவக்கிறது. யார்டில் இருப்பது பழைய ஆறாம் நம்பர் பிரவுசர். அதற்கு 'ஆறு' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆறுதல் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆறில் பின்னணி நிறம் மாறுகிறது, பார்டர் அதே பழைய பள்ளம். மேலே எந்தப் பெட்டியை வைத்தாலும் டிராப்-டவுன் அதைக் குத்திக்கொண்டு வெளியே நிற்கிறது. சனியன்.

மதியம் யார்டில் ட்ரெயினிங், பழைய சாம்பல் பக்கத்தை வைத்தே. பெருமாள் அண்ணன். ஆரம்பாக்கத்துக்காரர், யார்டு கிரேன் அவர் ஒருவர்தான், பக்கத்தில் சூப்பர்வைசர் கூட கிடையாது. இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. ஒரு விரலால் குத்திக் குத்திப் போட்டார். முதல் பட்டனை அமுக்கச் சொன்னேன். 'சேவ் ஆயிடுச்சு' என்று குட்டிப் பெட்டி வந்ததும் ஒரே சிரிப்பு.

"பொட்டி வந்தா போய்டுச்சுன்னு அர்த்தம். அவ்ளோதானம்மா? இதுக்கா பேஜாரு பண்ணிக்கினு இருந்தானுங்க!"

சாப்பாட்டில் ஜபீன் (பர்சனல் டிபார்ட்மெண்ட் கிளார்க், பழவேற்காடு, என் ஒரே சிநேகிதி) சொன்னது: கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை பர்மனென்ட் ஆக்க லிஸ்ட் தயாராகிறது. பெருமாள் அண்ணன் பெயரும் உண்டு. ஏழு வருஷமாக கான்ட்ராக்ட். "ஒரு மெமோ இருந்தா போச்சு கவி, பேரை அடிச்சிடுவாங்க. அவருக்கு இதுவரைக்கும் ஒண்ணு கூட இல்ல." இறால் தொக்கு கொண்டுவந்திருந்தாள். அருமை.

6 ஜூன், புதன்
கரண்ட் மூன்று தடவை போனது. வளைந்த முனைக்கு வழியில்லை, படம்தான். ஒரு பட்டனுக்கு இடது துண்டு, வலது துண்டு. ஆறில் நடுவே ஒரு பிக்சல் இடைவெளி, பல் விழுந்த மாதிரி. அதைச் சரி செய்தால் மூலைக்கு வெளியே சாம்பல் சதுரம். அதைச் சரி செய்தால் எழுத்து கீழே இறங்குகிறது. ஒருவருக்கும் வேண்டாத வளைவுக்காக என் ஒரு நாள் காலி.

சாயங்காலம் த.சாருக்கு அந்தக் குட்டிப் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

"இது ஏன் இன்னும் சாம்பலா இருக்கு?"

"அது பிரவுசரோட பெட்டி சார். அதுக்குக் கலர் போட முடியாது."

"அப்ப எடுத்துடு."

"சேவ் ஆச்சான்னு ஆளுக்கு எப்படி சார் தெரியும்?"

"பக்கம் காலியா திரும்பி வருதில்ல? அதுலயே தெரியும்."

எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே ஒரு வரி எழுதிக் காட்டலாம், இரண்டு மணி நேர வேலை. செய்யவில்லை. அழகுதானே வேண்டும், அழகையே வைத்துக்கொள்ளட்டும் என்ற கோபம்.

8 ஜூன், வெள்ளி
முடிந்தது. சிவப்பு, பச்சை, வளைவு எல்லாம். டிராப்-டவுனுக்கு வெளியே ஒரு சிவப்புக் கட்டம் சுற்றி ஏமாற்றிவிட்டேன்.

வீட்டில் அம்மா: "வாரம் பூரா இன்னாடி பண்ணின?"

"பட்டன் பண்ணேன்."

"பொத்தான் தைக்கவா உன்ன எம்.சி.ஏ. படிக்க வச்சோம்?"

சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும். அம்மா நன்றாகத்தான் கேட்டாள்.

11 ஜூன், திங்கள்
எம்.டி. வந்தார். பார்த்தார். "குட்." மொத்தம் ஒரு நிமிடம் கூட இல்லை. யார்டில் இதுவரை சோதனை எழுதிவந்த பேப்பர் ரெஜிஸ்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான். தூறல். மண் வாசனைக்கு முன்னால் ரோலிங் மில் புகை வாசனை வந்துவிடுகிறது.

14 ஜூன், வியாழன்
ஜபீன் ஓடிவந்தாள். பெருமாள் அண்ணனுக்கு மெமோ. செவ்வாயிலிருந்து மூன்று நாள், சோதனை செய்யாமலே கிரேனை இயக்கினார் என்று. கம்ப்யூட்டரில் ஒரு பதிவும் இல்லை. லிஸ்ட் செவ்வாய்க்கிழமை ஹெட் ஆபீஸ் போகிறது. அதற்குள் ரத்தாகவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

நான் சொன்னது: "சொல்லிக் கொடுத்தேனே. சோம்பேறித்தனம்." எழுதவே கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

பிறகு மனம் கேட்காமல் சர்வர் லாகைப் (எந்த மெஷின் எப்போது பக்கத்தைத் திறந்தது என்ற கணக்கு) பார்த்தேன். யார்டு மெஷினில் பக்கம் திறந்திருக்கிறது. மூன்று நாளும் காலை ஆறடித்து ஐந்து நிமிடத்துக்குள். திறந்திருக்கிறார், எதுவும் வந்து சேரவில்லை. ஆறு மணிக்கு வந்து பக்கத்தைத் திறந்தவர் ஏன் அனுப்பவில்லை?

15 ஜூன், வெள்ளி
ஐந்து மணி வண்டி பிடித்து ஆறுக்கு முன்னால் யார்டில். அண்ணன் மேலே ஏறி இறங்கி, ரோப்பைத் தடவிப் பார்த்து, கொக்கியை ஆட்டிப் பார்த்து, வேர்த்து வந்தார். ஒன்றையும் விடவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நான் டெய்லி போட்டுக்கினுதாம்மா கீறேன். எங் கொழந்த மேல சத்தியமா."

"எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்கண்ணா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒரு விரல். பெயர். ஷிப்ட். பிரேக் டிக். ரோப் டிக். கொக்கி டிக். பிறகு அம்பை நேராகப் பச்சைக்குக் கொண்டுபோனார். அமுக்கினார். பக்கம் காலி.

"பாரு, போய்டுச்சு."

"அண்ணா, அந்தச் சிவப்பு பட்டன்?"

"ஐய, சேப்ப எதுக்கும்மா தொடணும்?" பக்கத்தில் வைத்திருந்த, கிரேனை இயக்குகிற ரிமோட் பெட்டியைக் காட்டினார். நடுவில் காளான் மாதிரி சிவப்பு. "இத அமுக்கினா கிரேன் அப்டியே நிக்கும். எதுக்கு அமுக்கினேன்னு எழுதித் தரணும். ஏழு வருஷத்துல ஒரு தபா கூட அனாவசியமா தொட்டதில்ல நானு."

"ட்ரெயினிங்ல மொதல் பட்டன்னு சொன்னேனே."

"அன்னிக்கு ரெண்டும் ஒரே கலரு. இப்ப மொதல்ல இருந்தது சேப்பாயிடுச்சு. நம்ம யார்டு மாரியே கலர் வச்சிட்டாங்க, படிக்கக்கூட வேணாம்னு சந்தோசப்பட்டேன்."

"பொட்டி வரலையேன்னு தோணலையா?"

"வர்ல. எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சேன்."

எடுத்ததும் நான்தான். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் பாதுகாப்பு போர்டு. 'சிவப்பு: நிறுத்து. பச்சை: இயக்கு. மறவாதே.' கீழே ஒர்க்ஸ் மேனேஜர் கையெழுத்து. ட்ரெயினிங் அன்று அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். கண் இருந்து என்ன.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப மூணு நாளும் நானே அழிச்சிக்கினு இருந்தேனா?" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

16 ஜூன், சனி
த.சாரிடம் சொன்னேன். கேட்டார், பேனாவை உருட்டினார்.

"ஆபரேட்டர் தப்புன்னு போடு. சப்மிட்னு எழுதியிருக்கு, படிக்கணும்."

"சார், அவருக்கு லிஸ்ட்ல பேர் போயிடும்."

"எனக்கு எம்.டி. குட்னு சொல்லியிருக்காரு. நீ இதை மேல கொண்டுபோனா உன் ப்ரொபேஷன் என்ன ஆகும்னு யோசி."

யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு வேலை நின்று ஒரு வருஷம். ஆனால் பச்சையை ரீசெட்டுக்குப் போட்டது என் கை. பெட்டியை எடுத்ததும், அந்த ஒரு வரியை வீம்புக்கு எழுதாமல் விட்டதும் நான்தான். த.சாரைத் திட்டி நாலு பக்கம் எழுதலாம், இது மாறாது.

திங்களன்று ஒர்க்ஸ் மேனேஜர். ஜபீன் நேரம் வாங்கித் தருகிறாள்.

18 ஜூன், திங்கள்
ஒர்க்ஸ் மேனேஜர் அறை. பெரிய உடம்பு, ஃபிட்டராகச் சேர்ந்து மேலே வந்தவர். த.சாரையும் வரச் சொல்லியிருந்தார். லாக் பிரிண்ட்டை நீட்டினேன், பார்க்கவே இல்லை. "தொறந்தா போதுமா?" என்றார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "சார், நீங்களே ஒரு தடவை போட்டு அனுப்புங்க."

போட்டார். டிக், டிக், டிக். விரல் ஒரு நொடி கூட நிற்கவில்லை. பச்சை.

"எங்கம்மா போச்சு எல்லாம்?"

"அழிஞ்சிடுச்சு சார். அவருக்கும் அப்படித்தான்."

லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "இந்தக் கலரை எவன் வச்சது?"

த.சார் பக்கத்தில்தான் நின்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "நான் வச்சேன் சார்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். ப்ரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு. மெமோ ரத்து என்று வாயால் சொன்னார். லிஸ்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு "பார்க்கலாம்" மட்டும். பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் படத் துண்டுகளை எல்லாம் அழித்தேன். இரண்டு பட்டனும் சாம்பல், கம்ப்யூட்டரோடு வந்தது. ரீசெட்டையே தூக்கிவிட நினைத்தேன், பிறகு தூக்கியும் விட்டேன். எவனுக்கு வேண்டும் அது? பெட்டி திரும்பவும் வந்தாயிற்று. பார்க்க அசிங்கம்தான், இருக்கட்டும்.

20 ஜூன், புதன்
புழுக்கம். அம்மா மாத்திரை மறுபடி மறந்தேன். மூன்று மணிக்கு நோட்டீஸ் போர்டில் லிஸ்ட். ஒரே கூட்டம். நான் போவதற்குள் பெருமாள் அண்ணன் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். வாட்ச்மேன் சொன்னார்: "அந்தாளு பாத்தாரு, டிபன் பாக்ஸ எடுத்துக்கினு போய்ட்டாரு. மூஞ்சே சரியில்ல."

கூட்டத்தில் நுழைந்து தேடினேன். ஒன்பதாவது பெயர். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். சில பெயர்களுக்குக் கறுப்பு டிக். எனக்கும் புரியவில்லை. படிக்கட்டு ஏறி ஜபீனிடம் ஓடினேன்.

"சிவப்புன்னா எடுத்தாச்சு கவி. எம்.டி. எப்பவும் சிவப்பு பேனாலதான் டிக் போடுவாரு. கறுப்புதான் அடுத்த வருஷம்."

ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. அண்ணன் எதிர் பிளாட்பாரத்தில், ஆரம்பாக்கம் பக்கம் போகும் வண்டிக்கு, பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு. நடுவில் மெயின் லைன். சரக்கு ரயில் வருகிறது, ஹாரன் காதைப் பிளக்கிறது. மேம்பாலம் ஏற நேரமில்லை.

கத்தினேன். மொத்த பிளாட்பாரமும் திரும்பிப் பார்த்தது.

"அண்ணா! அது பச்சைண்ணா! பச்சை!"