அத்தைக்கு அனுப்பிய பில்

அன்புள்ள அம்மாவுக்கு,

அத்தை அன்று செருப்பைக் கழற்றவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். அதைச் சொல்லும் முன், நீ எப்படி இருக்கிறாய்? கடல் தாண்டி நீ வேலைக்குப் போயிருக்கும் பண்டபெர்க்கில் குளிர் தொடங்கிவிட்டது, தக்காளிக் கொட்டகையில் நின்று நின்று கால் மரத்துப்போகிறது என்றாயே, இரண்டு காலுறை போட்டுக்கொள், காலையில் வெறும் தேநீரோடு போகாதே. இங்கே நானும் தங்கை வீகாவும் சுகம். அவள் பள்ளிச் சட்டை குட்டையாகிவிட்டது, மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்திருக்கிறேன். போனில் நீ களைத்துப்போய்ப் பேசுகிறாய், எனக்கும் வாயில் வார்த்தை வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சியோனே புதன்கிழமை அங்கே வேலைக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

நான் கேமராவில் படம் எடுத்துக் கொடுக்கும் விடுதியின் கரோல் அம்மா எனக்கு பில் போடக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லியிருக்கிறேன். போனிலேயே பெயர், தேதி, வேலை, தொகை எல்லாம் எழுதி அனுப்பினால் போதும். அதற்கு முன் கூலி கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை பேருக்குச் சும்மா எடுத்துக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். பில் வந்தபின் நான் யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, அந்த பில்லே கேட்டுவிடும். இலவசமாகச் செய்தாலும் பில் அனுப்பு, அப்போதுதான் உன் உழைப்பின் மதிப்பு தெரியும் என்பார் கரோல். அத்தை மகள் லோசேயின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் படம் எடுத்தேன் அல்லவா, படங்களோடு ஒரு பில்லும் அனுப்பினேன். கூலி முந்நூறு பாங்கா என்று எழுதி, அதன் கீழே குடும்பத்துக்காகக் கழிவு முந்நூறு என்று போட்டு, மொத்தம் சைபர் என்று முடித்தேன். மரியாதை என்று நினைத்துத்தான் அம்மா செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சாப்பிட வருகிற அத்தை, அன்று செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பதினாலு நாளைக்குள்ள கட்டணுமாம். கட்டலைன்னா போலீஸைக் கூட்டிட்டு வருவியாடி?" என்றார். அந்த வரி எல்லா பில்லிலும் தானாக விழுவது, நான் எடுக்க மறந்துவிட்டேன். "முந்நூறை நீயே எழுதி நீயே அடிச்சிருக்கே. அது எனக்கு நீ போடற பிச்சையா? உங்கப்பன் என் தம்பி. அவன் வீட்டுல இருக்கறது எல்லாம் எனக்கும் சொந்தம், அதுக்கு எனக்கு எவடி விலை சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அப்பா இருந்திருந்தால் தமக்கை முன்னால் தலை நிமிர்ந்திருக்கமாட்டார், நம் வழக்கத்தில் அப்பாவின் தமக்கைதான் குடும்பத்துக்கே பெரியவர். எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் எப்படிச் செய்தேன் என்று புரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் யாரும் வரவில்லை. எல்லோருக்கும் சேர்த்துத்தான் சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்து லூ கட்டி மண்குழி அடுப்பில் வேகவைத்தேன், நானும் வீகாவும் பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தின்றோம். அத்தைக்கு நம்மைப் பிடிக்காதா என்று வீகா கேட்டாள். நீ போனபின் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும் அம்மா. என்ன செய்வது என்று உன்னைக் கேட்கலாம் என்று போனில் கூப்பிட்டேன், நீ தூங்கியிருந்தாய்.

நேற்று, பெரியவர்கள் முன் மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயை, அப்பாவின் பழையதை, கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போய் அத்தை வீட்டுப் படியில் தலை குனிந்து உட்கார்ந்தேன். அவர் மூன்று தேங்காயைத் துருவி முடித்தார். பிறகு, "அந்தக் கேமராவைக் கொண்டா" என்றார். அத்தை கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு ஏது உரிமை? வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். ஒரு பருவம் முழுக்க நீ குனிந்து காய் பறித்த பணத்தில் வாங்கியது அது, அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அத்தை துருவின கையைத் துடைத்துவிட்டு என் தலையைத் தொட்டு, "இது இனிமே என்னுது. வேலை வந்தா வந்து கேளு, தரேன். ஊரானுக்கு எத்தனை பில் வேணா போடு, ஆனா என்கிட்ட வாயால கேக்கணும், ஊமை" என்றார். இன்று எல்லோரும் சாப்பிட வந்தார்கள். அத்தை லூவில் உப்பு போதாது என்றார், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

என் மேல் கோபப்படாதே அம்மா. கர்த்தர் உன் முதுகுக்கும் கைகளுக்கும் பலம் தரட்டும், எங்களை நினைத்து ஜெபம் செய். கையுறை கிழிந்தால் புதிது வாங்கு, அதில் மிச்சம் பிடிக்காதே.

உன் மகள்,
செலுவாயா

செவ்வாய்க்கிழமை. சியோனே இன்னும் கிளம்பவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். காலையில் கரோல் கூப்பிட்டார், விடுதியில் புதிய அறைகளைப் படம் எடுக்க வேண்டுமாம், மத்தியானமே வரச் சொன்னார். அத்தை வீட்டுக்கு நடந்து போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். கேமரா வேண்டும் என்று வாயால் கேட்டேன்.