அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

அன்புள்ள அக்கா,

இன்று காலை எங்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் நுழைந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. யாரோ ஒரு மீன் சீசாவின் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருந்தார்கள். மற்ற பெண்கள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இன்னொரு முறை இழுத்து மூச்சுவிட்டேன். எனக்கு அது மீன் சீசாக்கள் அடுக்கிய உங்கள் மேசையின் வாசம். கண்ணில் நீர் வந்தது. ஃபார்மலின் பட்டால் யாருக்கும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் எட்டாவது படிக்கும்போது மீன்வளத் துறை ஆரணியில் எங்கள் வீட்டு முன்கட்டை வாடகைக்கு எடுத்தது. பின்கட்டில் அப்பாவின் பட்டுத்தறி, முன்கட்டில் உங்கள் ஆபீஸ், நடுவில் ஒரு மரக்கதவு. தறிச் சத்தம் தொந்தரவா என்று அப்பா கேட்டபோது, அது நின்றால்தான் கணக்குத் தப்புகிறது என்றீர்கள். அதை அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆனது.

சேத்துப்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம் உங்களுடையது. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. அந்தத் தெருவில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர் நீங்கள். முதல் பஸ்ஸில் வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றி, செருப்பு நிறையச் சேற்றோடு திரும்புவீர்கள். ஊரில் உங்களுக்கு 'மீன் மேடம்' என்று பெயர்.

நீங்கள் வந்த சில மாதங்களில் ஆய்வாளர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவருக்கு அடுத்த நிலையில் சார்-ஆய்வாளராக இருந்த உங்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்றிலிருந்து உங்கள் கையெழுத்துக்குக் கீழே 'ஆய்வாளர் (பொறுப்பு)' என்று வந்தது. பொறுப்பானவர் என்று அரசாங்கமே பாராட்டுகிறது போல என்று நினைத்து நான் உங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் சாரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பாப்பா, பொறுப்புன்னா இன்னா தெரியுமா? நாற்காலியில உக்காரலாம். சாஞ்சிக்கக் கூடாது."

அதற்குப் பிறகு கவனித்தேன். நிஜமாகவே நீங்கள் சாயவில்லை. பிரம்பு நாற்காலியின் நுனியில், பஸ் வந்தால் ஏறப்போகிறவரைப் போல உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலே சுவரில் ஆய்வாளர்களின் பெயர்ப்பலகை, 'முதல்', 'வரை' என்று இரண்டு கட்டங்களோடு தொங்கும். பொறுப்பில் இருப்பவர்களின் பெயர் அதில் ஏறாது.

மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து சுற்றறிக்கை வரும். புது இயக்குநர் யார், எந்தப் பிரிவு எதோடு சேர்கிறது, யாருக்குப் பதவி உயர்வு, யார் எங்கே மாற்றல் என்று இருக்கும். அதை நான் தொடர்கதையைப் போலப் படிப்பேன். போன மாதம் திருநெல்வேலிக்குப் போனவர் இந்த மாதம் கடலூருக்கு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. என் கையெழுத்து நன்றாக இருந்ததால், அதன் சுருக்கத்தை வாசல் கரும்பலகையில் எழுத விட்டீர்கள்.

அப்போதுதான் நீர்க்காகத் தகராறு வந்தது. ஏரியில் விட்ட மீன்குஞ்சுகளை நீர்க்காகங்கள் தின்று தீர்க்கின்றன என்று மீனவர் சங்கத்தார் கூடு இருந்த கருவேல மரங்களை வெட்டப் புறப்பட்டார்கள். பறவைகள் வனத்துறையைச் சேர்ந்தவை. மீன் நம்ம டிபார்ட்மென்ட்டு, அதைத் துன்ற காக்கா வேற டிபார்ட்மென்ட்டு என்று ஹெட்கிளார்க் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு ஆபீசுக்கும் நடுவே கடிதங்கள் போய்வந்துகொண்டே இருந்தன. கடைசியில் நீங்கள் சைக்கிளில் போய் வனத்துறைக்காரரைப் பார்த்தீர்கள். அவரும் 'பொறுப்பு'தானாம். இருவரும் ஏரிக்கரையில் நின்று பேசி முடிவெடுத்தீர்கள். குஞ்சுகளை மேலும் கீழும் வலை கட்டிய ஏரி மூலையில் வளர்த்து, விரல் நீளம் ஆனபிறகு ஏரியில் விடுவது, மரத்தைத் தொடுவதில்லை. ரெண்டு பொறுப்பு சேந்து ஒரு முழு ஆபீசர் ஆயிட்டாங்க என்றார் ஹெட்கிளார்க் சார்.

ஆனால் அடுத்த சுற்றறிக்கையைப் பாதியிலேயே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். நிரந்தர ஆய்வாளர் இல்லாத சிறிய அலுவலகங்களை மூடி, பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறார்களாம். எங்களுடையதைச் செய்யாரோடு சேர்த்துவிட்டு, உங்களை எங்கேயோ தெற்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. முடிவு செய்வதற்கு முன் வேலூரிலிருந்து பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருவதாக எழுதியிருந்தது. அதன் கீழே ஊர்வாரியாகப் பெயர்ப்பட்டியல். ஆரணிக்கு நேரே உங்கள் பெயர், ஆய்வாளர், அப்புறம் அந்த அடைப்புக்குறி.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் பொருள் கெடாமல் நிற்கும் என்று அந்த வாரம்தான் தமிழ் ஐயா நடத்தியிருந்தார். கரும்பலகையில் எழுதும்போது நான் எடுத்துவிட்டேன்.

மறுநாள் சங்கத்தார் பலகையைப் படித்துவிட்டு, உங்கள் பதவி உறுதியாகிவிட்டது என்று மாலையோடும், அலுமினியக் கூடையில் துள்ளுகிற கெண்டையோடும் வந்துவிட்டார்கள். அதே நேரத்தில் வேலூர் ஜீப்பும் வந்து நின்றது. அதிகாரி பலகையைப் பார்த்தார். உங்கள் கழுத்து மாலையைப் பார்த்தார். இல்லாத பதவியைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். நான் மரக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பின்கட்டில் தறிகூட நின்றுவிட்டது.

இதை எழுதியது யார் என்று அவர் கேட்டார்.

"நான்தான் பாக்காம விட்டுட்டேன், சார். போர்டுக்கு நான்தான் பொறுப்பு" என்றீர்கள்.

அதைக் கேட்டபிறகு எப்படி உள்ளே நிற்பது? வெளியே வந்து, எழுதியது நான் என்றும், தமிழ் ஐயா நடத்தியது இன்னது என்றும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது.

"வாக்கியம் நிக்கும்மா. உத்தரவு நிக்காது" என்றார்.

பிறகு சங்கத் தலைவரிடம் மாலை எதற்கு என்று விசாரித்தார். தலைவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னதை நான் அப்படியே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "மீனு செத்தா ஒரு ஆபீஸுக்குப் போவணும், காக்கா செத்தா ஒரு ஆபீஸுக்குப் போவணுங்க. ரெண்டும் உசுரோட இருக்கணும்னு வந்தது இந்தம்மா ஒண்ணுதாங்க."

அதிகாரி என் பக்கம் கையை நீட்டினார். சாக்பீஸை வாங்கி, விட்டுப்போன சொல்லைத் தானே எழுதினார், அடைப்புக்குறியோடு. பிறகு ஏரியைப் பார்க்கப் போனார். அன்று சாயங்காலம் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ, "எனக்கு முட்டி ஆடிச்சுடி. உனக்கு?" என்று கேட்டுவிட்டு, புரையேறும்வரை சிரித்தீர்கள்.

சென்னையில் புது இயக்குநர் வந்து நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆரணி அலுவலகம் ஆரணியிலேயே இருக்கும். உங்கள் பெயருக்குப் பின்னால் ஆய்வாளர், அதன் பின்னால் வெறும் முற்றுப்புள்ளி. நான் மூன்று முறை படித்தேன். ஹெட்கிளார்க் சார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீங்கள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் சாய்ந்தீர்கள். பிரம்பு நீளமாக முனகியது. நாற்காலிக்கும் ஆர்டர் வந்துட்டுது என்றார் அவர்.

போன வருஷம் மஞ்சள் காமாலை என்று லீவில் போனீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவேயில்லை. பெயர்ப்பலகையில் உங்கள் 'வரை' கட்டத்தை நிரப்பப் பெயின்டர் வந்த அன்று நான் பின்கட்டில் அப்பாவின் தறியருகே போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருக்கு அடைப்புக்குறி உண்டு. தவறாமல் எழுதுகிறேன்.

இன்றைய ஆய்வகக் கதைக்கு வருகிறேன். எங்கள் குழுத் தலைவிக்குக் காய்ச்சல். அதனால் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் டீச்சர் 'தலைவி (பொறுப்பு)' என்று எழுதியிருந்தார். சீசாவைத் திறந்துவிட்டது யார் என்று அவர் கேட்டபோது ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் பாக்காம விட்டுட்டேன், டீச்சர்" என்று எழுந்து நின்றேன். என் முட்டியும் ஆடியது அக்கா.

எல்லா சீசாக்களையும் இறுக்கிவிட்டு வா என்றார், அவ்வளவுதான். இறுக்கி முடித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஆய்வக முக்காலிக்கு முதுகு கிடையாது. அதைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.