உன் பெயரில் என் ரத்தம்

ஓசூர்,
9.2.2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

பேச்சு குழறுகிறது என்று நீ போனையே எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பதில் எழுத உறையும் ஸ்டாம்பும் உள்ளே இருக்கின்றன. இடக்கையால் நாலு வரி எழுது, போதும்.

ஹாஸ்டலில் உன் கட்டிலை யாருக்கும் கொடுக்க விடாமல் வார்டனோடு தினமும் சண்டை போடுகிறேன். ஷிப்ட் பஸ்ஸில் உன் சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வருகிறது. நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வயதில் பக்கவாதம் எப்படி வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னார்?

உன்
தர்ஷினி

சாமல்பட்டி,
20.2.2025

தர்ஷினிக்கு,

கையெழுத்து கோணல், பொறுத்துக்கொள். ஹீமோகுளோபின் ஐந்தரைதானாம். இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால் சிலருக்கு ரத்தம் உறைந்து, மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடுமாம்.

அம்மா போன வருடம் நம் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினாள். அதில் பன்னிரண்டரை. "ஒரு வருசத்துல இவ்ளோ ரத்தம் எங்கம்மா போச்சு?" என்று டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். அடுத்து எலும்பில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டுமாம். பயமாக இருக்கிறது. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டில் இருப்பது உன் ரத்தம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உன் வேலை போய்விடும். நீயும் சொல்லாதே.

கட்டிலை விட்டுக்கொடுத்துவிடு. வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் வைத்திரு.

பிரவீனா

ஓசூர்,
2.3.2025

பிரவீ,

கிருஷ்ணகிரிக்குப் போய் உன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் நம் இருவரையும் யார் பிரித்துப் பார்த்தார்கள்? மெடிக்கல் கேம்பில் உன் டோக்கனை வாங்கி நான் கையை நீட்டினேன். எலும்பு ஊசி இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாமே" என்றும் சொன்னார்.

நீ பச்சரிசி கொறித்ததையும் படியேறி மூச்சு வாங்கியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரத்தம் குறைவென்றால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், நான் தனியாகிவிடுவேன். அந்தப் பயத்தில் செய்தேன். உனக்காக இல்லை.

உன் அம்மாவிடமும் போனில் சொன்னேன். "இனி எங்க வாசப்படி மிதிக்காத" என்றார். கம்பெனிக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தர்ஷினி

சாமல்பட்டி,
14.3.2025

தர்ஷினிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் அழுதேன். டோக்கனைக் கொடுத்தவள் நான். உன்னைவிட்டு வர எனக்கும் மனசில்லை. ஆனால் என் கை போனது உன்னால்தான் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கைப் பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வருவேன். அம்மாவும் வருவாள், கட்டாயம் திட்டுவாள். எனக்கும் கோபம் தீரவில்லை. வா. இரண்டு பேர் திட்டையும் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார். எழுந்து போய்விடாதே.

பிரவீனா