நாலு நாள் பாரம்

பிப்ரவரி 3, திங்கள்

பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்தேவிட்டது. நேற்று நாற்பது தேனீப் பெட்டிகளை ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். பள்ளம் வந்தபோதெல்லாம் அடியில் இரும்போடு இரும்பு மோதியது. பின்சக்கரங்களுக்கு மேலே அடுக்கியிருக்கும் வில் பட்டைகள் வளைவெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டன. இறக்கிப் பார்த்தால் மூன்று பெட்டிகளில் சட்டம் உடைந்து, அடை சரிந்து, உள்ளே ஒரே கோபம். முகத்தில் இரண்டு கொட்டு வாங்கினேன்.

வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்ட முதல் கேள்வி, “ராணிங்க எல்லாம் பத்திரமா இருக்கா?” தேனீ அவளுடைய தொழில். நான் ஓட்டுநர், சுமை தூக்கி, அவ்வளவுதான். முதுகில் டிஸ்க் விலகி நான்கு மாதமாக அவள் மலைக்கு வரவில்லை. அதுவரை ஒரு வாரம்கூட விட்டதில்லை.

பிப்ரவரி 8, சனி

டாக்டரிடம் போனோம். நடக்கலாம், எடை தூக்கக்கூடாது, வண்டியில் போகலாம், ஆனால் குலுங்கக்கூடாது என்றார்.

“குலுங்காம எங்க மலைக்கு ஏற முடியாதே டாக்டர்.”

“அப்ப ஏறாதீங்க.”

 வீடு வந்து வாசலில் இறங்கும்போது சொன்னாள்: “ஏப்ரலுக்குள்ள என்னால மேல போக முடியலைன்னா எல்லாத்தையும் வித்துடலாம். கண்ணால பாக்காம வளர்க்கறது எனக்குச் சரியா படல.”

நாற்பது பெட்டி. பதினொரு வருடம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

பிப்ரவரி 9, ஞாயிறு

விற்க விடமாட்டேன். வண்டியைச் சரிசெய்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

மச்சானைக் கேட்டது என் தப்பு. மனைவியின் தம்பி, சேறு, பாறை, ஆறு எதையும் விடாமல் பிக்கப் ஓட்டும் கூட்டத்தில் ஒருவன். ஒரு கேள்வி கேட்டேன், ஒன்றரை மணி நேரம் பேசினான்.

“காத்துப் பை போடுங்க மாமா. பட்டைக்குப் பக்கத்துல உக்காந்துக்கும். லோடு ஏத்துனா காத்தடிங்க, காலியா போனா இறக்கிடுங்க.”

முள்ளும் கூர்ங்கல்லுமாகக் கிடக்கிற பாதையில் ரப்பர் பையா? ஒருநாள் வெடித்தால் அன்றைக்கு நாற்பது பெட்டியும் நடுவழியில். இரும்புதான் சரி. சொன்னதும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 15, சனி

பட்டைக்காரரின் பட்டறை. ஊரில் லாரிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “எவ்ளோ எடை ஏத்துவீங்க?”

“ஒரு டன்!” மீசையை முறுக்காத குறை.

“அப்ப ரெண்டு தடிப் பட்டை சேர்க்கணும். காலியா போனா கொஞ்சம் துள்ளும்.”

“துள்ளட்டும்.”

பிப்ரவரி 20, வியாழன்

மணல் மூட்டைகளை ஒரு டன்னுக்கு அடுக்கி மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். தொட்டில் மாதிரி போகிறது. ஒரு இடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டிப் பல வருடமாகிறது. வந்ததும் வராததுமாக, “ஞாயித்துக்கிழமை நீ மேல வர்ற” என்று அறிவித்துவிட்டேன்.

சாயங்காலம் அறையை எட்டிப் பார்த்தால், வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

வண்டியில் நாங்கள் இரண்டு பேர். பின்னால் தேனீயை அடக்கும் புகைப்பான், அவற்றுக்குத் தீனியாக ஒரு கேன் சர்க்கரைத் தண்ணீர், வேறொன்றும் இல்லை. தார் ரோடு முடிந்து முதல் கல்லில் ஏறியதும் பின்பக்கம் எம்பி எங்களை உதைத்தது. மெதுவாக்கினேன். இன்னும் மோசம். அவள் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். இரண்டாவது வளைவில், “நிறுத்துங்க.”

இறங்கினாள். திரும்பி வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். மூன்று கிலோமீட்டர். அவள் முன்னால், முதல் கியரில் நான் பின்னால். “ஏறு, தார் ரோடு வந்துடுச்சு” என்று இரண்டு தடவை கெஞ்சினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. அழுதது நான்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

துள்ளட்டும்னு சொன்னேனே — யாரைக் கேட்டுச் சொன்னேன்? அவள் உட்காருகிற சீட்டு, அவள் முதுகு. எனக்கு அறிவு எங்கே போச்சு?

பிப்ரவரி 26, புதன்

அவள் பேசிவிட்டாள். பெட்டிகளைப் பார்வையிடும்போதெல்லாம் எழுதி வைக்கும் நோட்டை மேசைமேல் போட்டு, “எண்ணுங்க” என்றாள். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எண்ணினேன். போன வருடம் மலைக்குப் போனது அறுபத்தொரு தடவை. அதில் பெட்டி ஏற்றிப் போனது நான்கே தடவை, பூ மாறும்போது இடம் மாற்ற.

“நாலு நாளுக்காக வண்டியைச் செஞ்சிருக்கீங்க. மீதி அம்பத்தேழு நாள் நான் வர்ற நாள்.”

பட்டைக்காரர் எடையைக் கேட்டார், இருப்பதிலேயே பெரிய எடையைச் சொன்னேன். நான் மட்டுமில்லை, பாரம் ஏற்றுகிற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். காலியாகப் போகிற நாளை எவன் கணக்கில் வைக்கிறான்?

மார்ச் 1, சனி

இன்று பட்டறைக்கு அவளும் வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

“ரெண்டு ஆளு, அம்பது கிலோ சாமான். இதுக்குத்தான் வண்டி வேணும்” என்றாள்.

“சாரு ஒரு டன்னுன்னாரே?”

“அவரு அப்படித்தான் சொல்வாரு. பெட்டியெல்லாம் ஒரே நடையில ஏத்தணும்னு என்ன கட்டாயம்? இருபது இருபதா ரெண்டு நடை போகலாம்.”

பதினொரு வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

அப்புறம் அவர் வேலையில் இறங்கினார். தடிப் பட்டைகள் வெளியே. மேலே மெல்லிய நீளப் பட்டைகள். அடியில் தடியாக ஒன்றே ஒன்று, சற்று இடைவெளி விட்டு. காலியாக இருந்தால் அது சும்மா தொங்கும், பாரம் ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்தால்தான் முட்டுக் கொடுக்கும். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றி ஒரு கையால் அமுக்கிக் காட்டினார். கொஞ்சமும் எதிர்ப்பில்லாமல் உள்ளே போனது. “இது செத்து வருஷமாச்சு. பட்டை எதுவானாலும், துள்ளலை அடக்கறது ஷாக்தான்.”

புது ஷாக்கை வாங்கி வந்தவன் மச்சான். கோபம் தீர்ந்ததா, அக்காவுக்குப் பயந்தானா, தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பெட்டிகளை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், தேனீயைப் பற்றித் தெரிந்து பேசினார். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. “ஏப்ரல் வரைக்கும் பொறுங்க” என்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வண்டி வந்தது. சாவியை அவளே எடுத்தாள். “நானே ஓட்டறேன். பள்ளம் எப்ப வருதுன்னு தெரிஞ்சா முதுகு தயாராயிடும்.” டாக்டருக்குப் போன் செய்தேன், அரை மணி நேரம், அதற்குமேல் கூடாது என்றார்.

கற்களில் வண்டி ஏறி இறங்குவது தெரிகிறது, ஆனால் உதைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் “வலிக்குதா?” என்றேன். எட்டாவது தடவை, “நீங்க பேசறதுதான் வலிக்குது” என்றாள். இரண்டாவது வளைவு வரை போய், திருப்பிவிட்டாள். எனக்கு இன்னும் போகலாம் போல இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 22, சனி

நேற்று நான்காவது வளைவு வரை. இன்று காலை வலி இல்லையாம். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரும் தலையாட்டினார். ஆனாலும் மேலே போவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் விற்கலாம் என்பாளோ என்று பயம்.

ஏப்ரல் 2, புதன்

காலை ஆறரைக்கு எழுந்தால் பக்கத்தில் அவள் இல்லை, வாசலில் வண்டியும் இல்லை. போன் அடித்தேன். பெட்டியைத் திறந்துவிட்டால் எடுக்கமாட்டாள் என்று தெரியும். இருந்தும் நான்கு தடவை அடித்தேன். காபியை அடுப்பில் பொங்கவிட்டேன்.

எட்டரைக்கு அவளே கூப்பிட்டாள். குரலுக்குப் பின்னால் ஒரே ரீங்காரம்.

“முதுகு எப்படி இருக்கு?”

“அதை விடுங்க. நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்! அஞ்சு பெட்டில தேன் முட்டி நிக்குது, வைக்க இடமில்ல. காலிச் சட்டம் பத்து எடுத்துட்டு வாங்க.”

“எதுல வர்றது? வண்டி உங்கிட்ட இருக்கே.”

“தம்பியைக் கொண்டு வந்து விடச் சொல்லுங்க. அப்புறம், பெட்டி கேட்டாரே, அவருக்கு இல்லைன்னு சொல்லிடுங்க. நானே சொல்லுவேன், கையெல்லாம் தேனு.”

அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.