ஆல்டன்மியர் பிரபுப் பட்டமும் அப்பாவும்

12 நவம்பர் 2024
ஆல்டன்மியர் பிரபுப் பட்டம் என் உயிரை வாங்குகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அற்றுப்போன பட்டம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு கனவான் தானே அதன் வாரிசு என்று நம்பிக்கொண்டு, வரலாற்றை எழுதித் தரச்சொல்லி எங்கள் வம்சாவளி நிறுவனத்தைப் பிடித்திருக்கிறார். அந்த வம்சத்தில் வந்த பிரபுக்கள் எல்லாருக்கும் வேட்டை, வழக்கு, வாதநோய். வேறொன்றும் இல்லை.

14 நவம்பர்
அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். மெட்ரோவில் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "சாரங்கனுக்குச் சொல்லி வைச்சனியோ? நான் கண்ணை மூடினால் அவன்தான் கொள்ளி வைக்கோணும்."
சாரங்கன் சித்தப்பாவின் மகன். டொரொன்டோவிலிருந்து எப்போதாவது வந்து ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுப் போகிறவன். அப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள், நான் மூத்தவள்.
"நான் வைக்கிறன் அப்பா."
"பொம்பிளைப் பிள்ளையள் வைக்கிறதோ?"
இங்கே கொள்ளி என்பது தகனசாலையில் ஒரு பொத்தானை அமுக்குவது. ஒரு பொத்தான்! அதற்கும் மீசை வேண்டுமா?

17 நவம்பர்
இன்றும் அதே கொள்ளிக் கதை. எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

21 நவம்பர்
டயாலிசிஸ் முடியும்வரை பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தேன். பொழுதுபோக, கடைசிப் பிரபுவின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். மகன் இல்லை, மூன்று மகள்கள். பட்டம் ஆண்வழிக்கு மட்டும். அவரோடு முடிந்தது.
அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூண்டு பிள்ளையள் இருக்க, ஆளில்லையெண்டு முடிச்சவங்களோ? விசரங்கள்!"
இதற்கு நான் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?
"அந்தப் பிள்ளையளின்ர பேர் என்ன?"
"வம்சாவளிப் புத்தகத்தில இல்லையப்பா. மூண்டு மகள்மார் எண்டு மட்டும் கிடக்கு."
வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது திரும்பவும் கேட்டார்: "ஒருத்தியின்ர பேர்கூட இல்லையோ?"

25 நவம்பர்
கனவானிடம் சொல்லிவிட்டேன்: நீங்கள் மகள் வழி, பட்டம் கிடையாது. அநியாயம் என்று தொலைபேசியில் கத்தினார். என்னிடமா கத்துவது?

1 டிசம்பர்
காலையில் அப்பா சாரங்கனுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில்தான், அவருக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது.
"தம்பி, உனக்குத் தூரம். விழுந்தடிச்சு ஓடி வராதை. இஞ்ச மூத்தவள் நிக்கிறாள். பொத்தானை அவள் அமத்துவாள்."
"ஓம் பெரியப்பா," என்றான்.
என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. போனை வைத்துவிட்டு, தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று என்னைக் கூப்பிட்டார். சூடாக்கிக் கொடுத்தேன்.