ஐந்தாவது பாட்டில்

மேடம்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பூச்சி எண்ண வைத்திருந்த வெள்ளைத் தட்டு தொலையவில்லை. "அக்காகிட்ட இருக்கட்டும், அடுத்த தடவை வந்து எடுத்துக்கறேன்" என்று எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்களே, அதில்தான் மூன்று வருடமாக எங்கள் கடை மீனுக்கு மசாலா தடவுகிறோம். ஒகேனக்கல்லுக்குக் குளிக்க வந்து, எங்கள் கடையில் தின்று விரல் சூப்பியவர்கள் எல்லாம் உங்கள் ஆராய்ச்சித் தட்டில் ஊறிய மீனைத்தான் தின்றார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரி அதைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, "இங்க வாங்க, இதென்ன கோடு கோடா இருக்குது?" என்றாள். தட்டின் அடியில் ஊசியால் கீறிய கட்டங்கள். அப்போது வெள்ளையில் வெள்ளையாகக் கிடந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. மூன்று வருட மஞ்சளும் மிளகாயும் கீறலுக்குள் இறங்கி, இப்போது பளிச்சென்று தெரிகிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தீர்கள். ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்தக் கேள்விக்குறி என்னைத்தான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் படிப்பே போதுமாக இருந்தது.

முதல் நாள் நீங்கள் என் பரிசலில் ஏறியது நினைவிருக்கிறது. எல்லோரும் அருவியைக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் பாறை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்டினீர்கள். "ஏனுங்க மேடம், பூச்சிக்காகவா சேலத்துல இருந்து வந்தீங்க? உங்க வூட்டுல பூச்சியே இல்லீங்களா?" என்றேன். "எங்க வீட்டுப் பூச்சி சேதி சொல்லாதுண்ணா" என்றீர்கள். அன்றே உங்களுக்குப் பூச்சி மேடம் என்று பெயர் வைத்தேன். பரிசல் துறை முழுக்கப் பரப்பியதும் நான்தான். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

மாதம் ஒரு தடவை வருவீர்கள். நாலு இடம். பாட்டிலில் தண்ணீர், வலையில் பூச்சி. கல்லுக்கு அடியில் மூன்று வால் பூச்சி இருந்தால் உங்கள் முகம் மலரும். அது நல்ல தண்ணீரில் மட்டும்தான் இருக்குமாம். "தண்ணியைப் பாத்தா இன்னைக்கு ஆறு எப்படின்னு தெரியும். பூச்சியைப் பாத்தா போன மாசம் எப்படி இருந்துச்சுன்னும் தெரியும்ணா" என்பீர்கள். பிறந்ததிலிருந்து காவிரியில் கிடக்கிறவன் நான். எனக்கு அதுவரை ஆறு என்றால் ஆழம், சுழல், வேகம் அவ்வளவுதான். அதற்கும் உடம்பு சரியில்லாமல் போகும் என்று நினைத்ததே இல்லை.

கடைசி மாதம்தான் ஐந்தாவது இடம் வந்தது. கடைகளின் சாக்கடை ஆற்றில் வந்து விழும் இடம். அங்கே வலையைப் போட்டீர்கள். மூன்று வால் பூச்சி ஒன்றுகூட இல்லை. சிவப்புப் புழு மட்டும் கொத்துக் கொத்தாக நெளிந்தது. "இதையும் சேர்க்கணும்ணா" என்று திரும்பியபோதுதான் பாசிக் கல்லில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. "ஆத்தைச் சோதிக்க வந்தீங்க, ஆறு உங்களைச் சோதிச்சுப் பாத்துருச்சுங்க மேடம்" என்று சிரித்தேன். நீங்களும் வலியோடு சிரித்தீர்கள்.

மறுநாள் காலை உங்களால் பரிசலில் ஏற முடியவில்லை. பாறையில் உட்கார்ந்துகொண்டு ஐந்து பாட்டிலையும் என்னிடம் கொடுத்தீர்கள். நாலை ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஐந்தாவதை மட்டும், இரண்டாம் இடத்துத் தெளிந்த தண்ணீரிலேயே முக்கி மூடினேன்.

"அஞ்சும் எடுத்தாச்சாண்ணா?"

"எடுத்தாச்சுங்க மேடம். ஆத்துல இன்னும் கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்குது."

சிரித்துக்கொண்டே ஐஸ் பெட்டியில் வைத்தீர்கள்.

துறையில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவசரம், சோம்பல் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தச் சாக்கடையில் எங்கள் கடைக் கழிவும்தான் விழுகிறது. மீன் கழுவிய தண்ணீர், கருகிய எண்ணெய், எல்லாம். நீங்கள் அறிக்கை எழுதிக் கொடுத்தால் கடையைத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்தேன்.

பத்து நாள் கழித்து நீங்களே வந்தீர்கள். "பூச்சி கெட்டதுன்னு சொல்லுது, தண்ணி நல்லதுன்னு சொல்லுது. நான்தான் எண்ணினதுல எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்" என்றீர்கள். எங்கள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த அந்தப் புழுக்களை இந்தத் தட்டில் திரும்பத் திரும்ப எண்ணினீர்கள். நான் டீ கொண்டுவந்து வைத்து, "எத்தனை தடவை எண்ணினாலும் குட்டி போடாதுங்க" என்று கேலி வேறு செய்தேன். சாயந்தரம் கண்ணாடியைக் கழற்றி, "என் கண்ணுதான் சரியில்லை போல" என்றீர்கள். வாயைத் திறந்திருக்கலாம். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன்.

போன ஆடியில், தண்ணீர் பெருகி வருகிறது என்று சொல்ல உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் எடுத்தார். நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தட்டைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அன்னைக்கு நம்ம வூட்டுல சோறு தின்னுட்டுத்தான போச்சு?"

"ஆமா."

"அந்தம்மாகூட வேலை பாத்தவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நம்ம கடையையும் சேத்தே சொல்லுங்க."

"கடை போயிடும்டி."

"போனா பென்னாகரத்துல இட்லி சுடறேன்."

உங்களோடு வேலை பார்த்தவரின் எண்ணை உங்கள் வீட்டுக்காரரிடம் வாங்கிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்த ஐந்தாம் இடம் அவங்களுக்குக் கடைசிவரை உறுத்திட்டே இருந்துச்சுங்க" என்றார். பழைய அறிக்கையைத் திருத்தப் புதிதாக ஐந்து இடத்திலும் தண்ணீர் வேண்டுமாம். ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலோடு போனில் படம் எடுக்க வேண்டுமாம். என் வாக்கை நம்பி இனி யாரும் எழுத மாட்டார்கள். நியாயம்தானே.

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, மேடம். இதை உங்களிடம் ஒரு டீயின் நேரத்தில் சொல்லியிருக்கலாம். தட்டை இப்போது மசாலாவுக்கு எடுப்பதில்லை. பரிசலிலேயே வைத்திருக்கிறேன். எங்கே நிறுத்தினாலும் கை தானாக ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கிறது. துறையில் இப்போது என்னைத்தான் பூச்சி என்கிறார்கள்.

இன்று விடியற்காலையில் போனேன். நாலு இடத்திலும் தண்ணீர் எடுத்து, படமும் எடுத்தேன். ஐந்தாம் இடத்தில், எங்கள் கடைத் தண்ணீர் விழும் இடத்திலேயே, பாட்டிலை முக்கி நிரப்பினேன். மூடியை இறுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் ஆற்றில் விழுந்தது. நாலு இடத்துப் படமும் அதில்தான் இருந்தது. ஓரத்தில்தான் கல், பரிசல் நின்ற பக்கம் இரண்டு ஆள் ஆழம். நாளைக்கு ஒன்றாம் இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரி அவள் போனைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கயிறு கட்டித் தருவாளாம்.